கையெழுத்துப் போடாத பெண்கள்: ஜெர்மனியில் ஆறு நாள்

முதல் நாள், பெர்லின்

"பிப்ரவரி கடைசியில போயி அந்தக் குளிர்ல என்னத்தப் பார்ப்பீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கு அந்தக் குளிர்தான் வேண்டியிருந்தது. மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1943 பிப்ரவரி 27 காலையில் வேலைக்குப் போன கணவன் வீடு திரும்பவில்லை. அவனைத் தேடித் தெருவுக்கு வருகிற ஒரு பெர்லின் பெண்தான் கதை. அவன் யூதன், அவள் இல்லை. படித்துப் படித்து நிறையக் குறிப்பு சேர்த்துவிட்டேன். ஆனால் அவளை ஒரு தெருவில் நிறுத்தினால் அவள் காலுக்கு என்ன ஆகும், எத்தனை நேரம் நிற்க முடியும் என்பது மதுரையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியவில்லை. அதனால் அதே வாரத்தில் வந்திருக்கிறேன்.

என் கணவரும் கூட வந்திருக்கிறார். ரயில்வேயில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "உன் கதைக்கு நான் எதுக்கு?" என்று கேட்டார், ஆனால் டிக்கெட் போட்டதும் அவர்தான்.

இன்று விமானக் களைப்பு. அலெக்சாண்டர்பிளாட்ஸ் பக்கத்தில் அறை. சாயங்காலம் சும்மா நடந்தோம். நடைபாதையில் என் ஷூவுக்குப் பக்கத்தில் ஏதோ மின்னியது. உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடு, கல்லோடு கல்லாகப் பதித்திருந்தார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று ஆரம்பித்து ஒரு பெயர், பிறந்த வருடம், கொண்டுபோன தேதி, கொல்லப்பட்ட இடம். நாஜிகள் கொண்டுபோனவர்களின் நினைவுக்கு வைத்தது, இடறுகல் என்கிறார்கள். குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது, இன்று ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. படிக்க வேண்டுமென்றால் குனிந்தே ஆகவேண்டும். என் கணவர் குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தகட்டைத் துடைத்தார். அப்புறம் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்றுதான் நடக்க முடிந்தது.

இரண்டாம் நாள், ரோஜா வீதி

ரோஸன்ஸ்ட்ராஸ என்றால் ரோஜா வீதி. ஹாக்கெஷர் மார்க்ட் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. பெரிய தெருவாக இருக்கும் என்று மனதில் வைத்திருந்தேன், சின்னதாக இருந்தது. என் நாவலில் சிறைச்சாலை மாதிரி ஒரு பெரிய இரும்புக் கேட்டும் அதற்கு முன்னால் ஒரு மைதானமும் எழுதி வைத்திருந்தேன். அது முழுக்கத் தவறு. ஆட்களை அடைத்துவைத்தது சிறையில் இல்லை. 2-4 என்ற எண்ணில் இருந்த யூத சமூக அமைப்பின் அலுவலகக் கட்டடம் அது. இப்போது இல்லை.

நடந்தது இதுதான். 1943 பிப்ரவரி 2 அன்று ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை முழுக்கச் சரணடைந்துவிட்டது. 18 அன்று ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் 'முழுப் போர்' என்று முழங்கினார். 27 அன்று பெர்லின் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை செய்துகொண்டிருந்த யூதர்களை வேலையிடத்திலேயே வளைத்து லாரிகளில் ஏற்றினார்கள். போட்டிருந்த வேலை உடுப்போடு ஏற்றினார்கள். யூதரல்லாத மனைவி உள்ளவர்களைப் பிரித்து, சுமார் 2,000 பேரை இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். படுக்க இடமில்லாமல் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் கிடந்தார்கள்.

மனைவிமார் விசாரித்து விசாரித்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, தலைவர் இல்லை, துண்டறிக்கை இல்லை. வாசலில் நின்ற காவலரிடம், வீட்டுச் சாவி அவர் பையில் இருக்கிறது, ரேஷன் கார்டு அவரிடம் இருக்கிறது என்று சொல்லிக் கேட்டார்கள். சாவி கைக்கு வந்தால் அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று அர்த்தம். இதைப் படித்த அன்றைக்கு நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆள் உயிரோடு இருக்கிறானா என்று நேராகக் கேட்க முடியாத இடத்தில் ஒரு பெண் சாவியைக் கேட்கிறாள்!

கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியது. "எங்கள் கணவர்களைத் திருப்பிக் கொடு" என்று சத்தம் எழுந்தது. சுடுவோம் என்று மிரட்டினார்கள். பெண்கள் பக்கத்துச் சந்துகளிலும் வாசல்களிலும் ஒதுங்கினார்கள், அப்புறம் திரும்பி வந்தார்கள். மார்ச் 1 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினில் குண்டு போட்டன. மறுநாளும் வந்தார்கள். மார்ச் 6 வாக்கில் உள்ளே இருந்தவர்களை விட ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிவிட்ட 25 பேரைக்கூடத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே போய்த் திரும்பி வந்த கணக்கு அவ்வளவு அபூர்வம்.

அந்தப் பெண்கள்தான் விடுவித்தார்களா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கலப்பு மணம் செய்தவர்களை அப்போதைக்கு அனுப்பும் திட்டமே இல்லை, பிரித்துப் பதிவு செய்யத்தான் அடைத்தார்கள் என்று வோல்ஃப் குரூனர் ஆவணங்களை வைத்துச் சொல்கிறார். கூட்டத்தைக் கண்டு ஆட்சி பின்வாங்கியது என்பது நேதன் ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் பக்கத்து வாதம். நான் இரண்டையும் படித்தேன். நாவல் எழுதுகிறவளாக எனக்குத் தோன்றுவது வேறு: தெருவில் நின்ற பெண்ணுக்கு எந்த ஆவணமும் தெரியாது. அதே மார்ச் 1, 2, 3, 4, 6 தேதிகளில் பெர்லினிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சில நாளில் பிடிபட்ட சுமார் 7,000 பேர் அப்படிப் போனார்கள். ஊருக்குள் அது தெரியாமல் இல்லை. முடிவு தெரியாமல்தான் அவள் நின்றாள். என் கதையிலும் அவளுக்கு முடிவு தெரியக்கூடாது. எனக்குத் தெரியும் என்பதை அவள் முகத்தில் காட்டிவிடக்கூடாது. இன்று நான் கற்றுக்கொண்டது அதுதான்.

இப்போது அங்கே இங்கெபோர்க் ஹன்ஸிங்கர் செதுக்கிய நினைவுச் சிற்பம் இருக்கிறது, 1995இல் வைத்தது. செம்மண் நிறக் கல். பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கல்லுக்குள்ளிருந்து வெளியே வருகிற மாதிரி இருக்கிறார்கள். ஒரு தோளில் கை வைத்துப் பார்த்தேன், உறைபனி மாதிரி சுட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில், கல்லிலேயே ஒரு மனிதர், வேறு பக்கம் பார்த்தபடி. அந்தக் கலைஞர் அவரையும் விட்டுவிடவில்லை.

ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். இருபது நிமிடத்தில் பாதம் மரத்துவிட்டது. நாற்பதாவது நிமிடத்தில் முழங்கால் வரை வலி ஏறியது. நல்ல ஷூ, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, காலையில் வயிறாரச் சாப்பிட்ட எனக்கே இந்தக் கதி. அவர் ஓரத்துக் கடையில் சூடாகக் காப்பி வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

மூன்றாம் நாள், துடைப்பப் பட்டறை

ரோஸன்தாலர் வீதி 39. முன்பக்கம் காபிக் கடை, சினிமா, இளைஞர் கூட்டம். சின்ன முற்றத்துக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கக் கிறுக்கலும் ஓவியமும். இடது பக்கப் படிக்கட்டில் ஏறினால் ஓட்டோ வைட்டின் பார்வையற்றோர் பட்டறை. கட்டணம் கிடையாது.

வைட் 1883இல் பிறந்தவர், தானும் ஏறக்குறையப் பார்வை இழந்தவர். இங்கே துடைப்பமும் பிரஷ்ஷும் செய்தார்கள். ராணுவத்துக்குச் சப்ளை செய்ததால் போருக்கு அவசியமான தொழில் என்று பதிவு. அந்தப் பதிவை வைத்துத்தான் பார்வையற்ற, காது கேளாத யூதர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு காப்பாற்றினார். லஞ்சம் கொடுத்தார், கள்ளச் சந்தையில் வாங்கி, நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் ஆட்களுக்குப் பரிசு கொடுத்தார். ஒருமுறை தன் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, முகாமுக்கே போய்ப் பேசி, அவர்களைத் தெரு வழியாகப் பட்டறைக்குத் திரும்ப அழைத்து வந்தார். கண் தெரியாதவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடந்து வரும் அந்தக் காட்சியைக் கற்பனை செய்யக்கூட நான் தேவையில்லை, நடந்திருக்கிறது.

பட்டறை நீளமாக, ரயில் பெட்டி மாதிரி, அறைக்குள் அறையாகப் போகிறது. கடைசி அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலை ஒரு துணி அலமாரி மறைத்திருந்தது. அதற்குள் ஹோர்ன் குடும்பம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், பல மாதம் இருந்தார்கள். 1943 அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார்கள். நான்கு பேரும் திரும்பவில்லை. இப்போது அந்த அறையில் எதுவும் இல்லை, நான்கு சுவர்தான். நான் உள்ளே போய் நின்றேன். பலகைத் தரை கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை மெதுவாகக் கால் வைத்தாலும் கிறீச்சிடுகிறது. இரண்டு குழந்தைகளுக்கு ஓடக்கூடாது என்று எப்படிச் சொல்லிப் புரியவைத்திருப்பார்கள்?

ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். ஆலிஸ் லிக்ட்டின் கதை. வைட்டின் செயலாளராக இருந்த இளம் பெண். வைட் கல்யாணமானவர், வயதில் ரொம்பப் பெரியவர், ஆனால் ஆலிஸை நேசித்தார். 1943இல் ஆலிஸையும் பெற்றோரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இங்கிருந்து வைட் நூற்றுக்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்களை முகாமில் இருந்த தன் ஆட்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1944 மே மாதம் ஆலிஸை ஆஷ்விட்ஸுக்கு ரயிலில் ஏற்றினார்கள். போகிற வழியில் ஒரு தபால் அட்டையை எழுதி வெளியே போட்டார். யாரோ ஒருவர் அதை எடுத்துத் தபாலில் சேர்த்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அட்டை கிடைத்ததும் வைட் என்ன செய்தார் தெரியுமா? துடைப்பம் விற்கிற வியாபாரியாக ஆஷ்விட்ஸுக்கே போனார். அந்தக் கண்ணோடு! முகாமுக்கு பிரஷ் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே ஆலிஸைப் பற்றி விசாரித்தார். கிறிஸ்டியான்ஸ்டாட் என்ற வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. அங்கே போனார். பக்கத்தில் ஓர் அறை எடுத்து, உடை, பணம், மருந்து வைத்து, போலந்துத் தொழிலாளி ஒருவர் மூலம் ஆலிஸுக்குச் சொல்லி அனுப்பினார். 1945 ஜனவரியில் முகாமைக் காலி செய்து நடத்திக் கூட்டிப்போனபோது ஆலிஸ் தப்பினார், பெர்லின் வந்து சேர்ந்தார், வைட் வீட்டில் ஒளிந்திருந்தார். பெற்றோர் பிழைக்கவில்லை.

வைட் வீட்டில் என்றால் அவர் மனைவி எல்ஸேயின் வீட்டிலும்தான். நான் படித்த எந்தக் கதையும் எல்ஸே பக்கத்தில் நின்று பேசவில்லை. கணவன் நேசித்த பெண்ணுக்குத் தன் வீட்டில், உயிரைப் பணயம் வைத்து, இடம் கொடுத்த பெண்மணி. அவரைப் பற்றி எழுத எனக்குத் துணிச்சல் வேண்டும். போர் முடிந்து ஆலிஸ் 1946இல் அமெரிக்கா போய்விட்டார். வைட் 1947இல் காலமானார்.

இங்கே வேலை பார்த்துப் பிழைத்தவர்களில் ஒருவர் இங்கெ டாய்ஷ்க்ரோன். இந்த இடம் அருங்காட்சியகமாக நின்றதற்கு அவர் பெரிய காரணம். 2022இல், 99 வயதில் இறந்தார். பெர்லினில் தலைமறைவாகப் போனவர்கள் சுமார் 7,000 பேர், பிழைத்தவர்கள் 1,700 பேர் அளவில். நீர்மூழ்கிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்களாம்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "அந்தத் தபால் அட்டையை எடுத்தவன் ரயில்வேக்காரனா இருப்பானோ?" தண்டவாளத்து ஓரம் நடப்பவன் வேறு யார் என்பது அவர் கணக்கு. இருக்கலாம். இருக்கட்டும் என்று எனக்கும் ஆசை.

நான்காம் நாள், 17ஆம் நடைமேடை

எஸ்7 ரயிலில் குரூனவால்ட். அழகான, காட்டை ஒட்டிய, பணக்காரர்கள் வாழும் புறநகர். நிலையத்துச் சுரங்கப் பாதையிலிருந்து ஒரு படிக்கட்டு, மேலே 17ஆம் நடைமேடை. இதன் இரண்டு ஓரமும் 186 வார்ப்பு எஃகுத் தகடுகள். பெர்லினிலிருந்து போன ஒவ்வொரு ரயிலுக்கும் ஒன்று. தேதி, எத்தனை யூதர்கள், எங்கே. அவ்வளவுதான். முதல் தகடு 1941 அக்டோபர் 18. கடைசித் தகடு 1945 மார்ச் 27, 18 பேர், தெரேசியன்ஸ்டாட். போர் முடிய ஆறு வாரம் இருக்கும்போது, நகரமே இடிந்து கிடக்கும்போது, பதினெட்டுப் பேருக்கு ஓர் ஏற்பாடு.

1943 மார்ச் தேதிகளைத் தேடிப்போனேன். 1, 2, 3, 4, 6. நேற்றுமுன்தினம் நான் நின்ற தெருவில் பெண்கள் நின்ற அதே நாட்கள். யாருக்கு மனைவி யூதரல்லாதவளோ அவன் ரோஜா வீதி, யாருக்கு மனைவியும் யூதரோ அவன் மனைவி மக்களோடு இந்தத் தகடு. இதை என் நாவலில் மறக்கவே கூடாது. ஜெயித்த கதையாக மட்டும் எழுதினால் பக்கத்து ரயிலில் போனவர்களுக்குத் துரோகம்.

அவர் தகடுகளைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் தண்டவாளத்துக்கு நடுவிலேயே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், இனி எந்த ரயிலும் இங்கிருந்து புறப்படாது என்று காட்ட. "ஒரு ஸ்பெஷல் ரயில் விடணும்னா எத்தனை பேர் கையெழுத்துப் போடணும் தெரியுமா?" என்றார். "பெட்டி ஒதுக்கணும், எஞ்சின் ஒதுக்கணும், டிரைவர், கார்டு, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தகவல், எதிர்ல வர்ற வண்டிய நிறுத்தணும். ஒருத்தன் மட்டும் செஞ்சிட முடியாதும்மா."

நான் படித்ததைச் சொன்னேன். ஜெர்மன் ரயில்வே இதற்குக் கட்டணமும் வாங்கியது. மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக். 10 வயதுக்குக் கீழே பாதி. 4 வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் ஏற்றினால் கூட்டத்துக்கான சலுகை, பாதிக் கட்டணம். திரும்பி வரும் டிக்கெட் காவலர்களுக்கு மட்டும்.

அவர் முகம் மாறிவிட்டது. "அரை டிக்கெட்டா?" என்று மட்டும் கேட்டார். நடைமேடை முனை வரை தனியாகப் போய்விட்டு வந்தார். அவர் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை அது. நான் கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில் ஷ்மார்கன்டோர்ஃப் பகுதியில் இறங்கி ஒரு வீட்டு வாசல் வரை போனோம். ஃபிரீட்ரிக்ஷாலர் வீதி 23. லில்லி வுஸ்ட் என்ற பெண், நான்கு மகன்களுக்குத் தாய், கணவன் ராணுவத்தில். ஃபெலிஸ் ஷ்ராகன்ஹைம் என்ற இளம் பெண்ணை நேசித்தார். தான் யூதப் பெண், தலைமறைவாக இருக்கிறேன் என்று ஃபெலிஸ் சொன்ன பிறகும் நேசித்தார், வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1944 ஆகஸ்ட் 21 அன்று இருவரும் ஹாவெல் ஆற்றில் நீந்திப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியபோது கெஸ்டபோ உள்ளே காத்திருந்தது. ஃபெலிஸ் திரும்பவில்லை. லில்லி 2006 வரை, 92 வயது வரை, இருந்தார். அன்பு வைத்தால் பிழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்த வாசலைக் காட்ட வேண்டும்.

ஐந்தாம் நாள், அறையில்

மழை. எனக்குக் காய்ச்சல் கலந்த தொண்டை வலி. வெளியே போகவில்லை. அவர் சூப் வாங்கிவரப் போயிருக்கிறார்.

படுத்தபடியே யோசித்தேன். 1935 செப்டம்பர் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரும் யூதரல்லாதவரும் புதிதாகக் கல்யாணம் செய்யக்கூடாது என்றன. அதற்கு முன் நடந்த கல்யாணங்கள் செல்லும். அதனால் அந்தப் பழைய கல்யாணப் பத்திரம்தான் கணவனின் உயிர். கெஸ்டபோ மனைவியைக் கூப்பிட்டு விவாகரத்துக்கு வற்புறுத்தும். அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அவன் அடுத்த ரயிலில். அவள் அதற்கு முன் நோய் வந்து செத்தாலும் அதே கதிதான். யோவாகிம் கோட்ஷால்க் என்ற புகழ்பெற்ற நடிகர், மனைவி மேட்டா யூதப் பெண். பிரியச் சொல்லி நெருக்கினார்கள். அவர் பிரியவில்லை. மனைவியையும் மகனையும் கொண்டுபோகப் போகிறார்கள் என்றதும் 1941 நவம்பரில் மூவரும் சேர்ந்து உயிரை விட்டார்கள்.

சாப்பாட்டுச் சங்கதி ஒன்று. யூதர்களின் ரேஷன் கார்டில் ஜெ என்ற எழுத்து அச்சிட்டிருக்கும். 1942 இலையுதிர் காலத்தில் அவர்களுக்கு இறைச்சி, முட்டை, பால் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். பெர்லினில் அவர்கள் கடைக்குப் போக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், சாயங்காலம் 4 முதல் 5 வரை. அதாவது மனைவியின் ஒரு கார்டில் இரண்டு வயிறு. இன்று எழுதிய பத்தியை அப்படியே போடுகிறேன், திருத்தவில்லை:

"ரொட்டியை அவள்தான் அறுப்பாள். கத்தியை நடுவில் வைப்பது போல வைத்துக் கொஞ்சம் தள்ளுவாள். பெரிய துண்டை அவன் தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் தட்டை மாற்றி வைப்பான். அவள் திரும்பியதும் கவனிக்காத மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கத்தியை வைப்பாள்."

சூப் வந்துவிட்டது.

ஆறாம் நாள், டிரெஸ்டன்

காலை ரயில், இரண்டு மணி நேரம். காய்ச்சல் விட்டிருந்தது. இந்த ஊருக்கு வந்தது ஒரு தம்பதிக்காக: விக்டர் கிளெம்பரர், ஏவா. 1906இல் கல்யாணம். அவர் யூதராகப் பிறந்தவர், மொழிப் பேராசிரியர், 1935இல் வேலையை எடுத்துவிட்டார்கள். ஏவா பியானோ வாசிப்பவர், யூதரல்லாதவர். வீட்டைப் பிடுங்கி யூதர் வீடு என்று ஒதுக்கிய இடத்தில் நெருக்கியடித்துக் குடிவைத்தார்கள். யூதர்கள் செல்லப் பிராணி வைத்திருக்கக்கூடாது என்று 1942இல் உத்தரவு வந்தபோது, அவர்கள் வளர்த்த முஷெல் என்ற பூனையைக் கொல்ல வேண்டிவந்தது. ஏவாதான் டாக்டரிடம் தூக்கிப்போனார். பூனை வளர்க்கிற வீட்டுக்காரி நான், இந்த இடத்தைப் படித்துவிட்டுப் பல நாள் எழுத முடியாமல் இருந்தேன்.

விக்டர் தினமும் நாட்குறிப்பு எழுதினார். அகப்பட்டால் மரணம். அந்தத் தாள்களைப் பையில் வைத்து ரயிலேறிப் பிர்னா ஊரிலிருந்த டாக்டர் அன்னமாரி கோலரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது ஏவா. எழுதியவருக்கு இன்று உலகமெங்கும் பெயர். சுமந்துபோனவர் கையில் பை கனத்ததா, சோதனைக்காரன் பெட்டிக்குள் ஏறும்போது எந்தப் பக்கம் பார்த்தார் என்பதைத்தான் நான் எழுத விரும்புகிறேன்.

ஃபிராவன் தேவாலயத்தைச் சுற்றி வந்தோம். இடிந்து, 2005இல் மீண்டும் எழுந்தது. வெளிர் புதுக்கல்லுக்கு நடுவில் எரிந்த பழைய கற்கள் கறுப்பாகத் திட்டுத் திட்டாக நிற்கின்றன. அங்கிருந்து சில நிமிடத்தில் பிரூல் மேடை, எல்பே நதிக்கு மேலே உயர்ந்த பழைய கோட்டை மதில். ஒரு முனையில் 2001இல் கட்டிய புது யூத ஆலயம். பழையதை 1938 நவம்பரில் எரித்தார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் அதன் உச்சியிலிருந்த நட்சத்திரத்தை எடுத்து ஒளித்துவைத்திருந்தார், அது இப்போது புது ஆலயத்தில் இருக்கிறது.

1945 பிப்ரவரி 13, செவ்வாய். நகரத்தில் மிஞ்சியிருந்த யூதர்கள் இருநூறுக்கும் குறைவு. அவர்களில் பலருக்கு 16ஆம் தேதி கிளம்பவேண்டும் என்று கடிதம். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை விக்டர் தலையில் விழுந்தது. என்ன கடிதம் என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். தன் முறை அடுத்த வாரம் என்று நினைத்துக்கொண்டார். இரவு ஒன்பதரைக்குக் கணவனும் மனைவியும் சோர்ந்துபோய்க் காப்பி குடிக்க உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சைரன்.

அந்த இரவிலும் மறுநாளிலும் விழுந்த குண்டுகளில் இந்த ஊரில் இறந்தவர்கள் 25,000 பேர் வரை என்று வரலாற்றாசிரியர் குழு 2010இல் கணக்கிட்டது. அதே நெருப்பில்தான் இந்த இருவரும் தப்பினார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லக் கை நடுங்குகிறது. அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

இரண்டாவது தாக்குதலில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். விக்டர் கண்ணருகே காயத்தோடு, ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு இந்த மேடைக்கு ஏறினார். விடியும்வரை நகரம் எரிவதைப் பார்த்தார். ஏவா வேறு எங்கோ. நெருப்புக்குச்சி இல்லாமல், தரையில் ஏதோ கனன்றுகொண்டிருக்கிறதே என்று சிகரெட்டைப் பற்றவைக்கக் குனிந்திருக்கிறார். அது எரிந்துகொண்டிருந்த ஓர் உடல்.

காலையில் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஏவா ஃபர் கோட்டோடு கைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். வீடு, சாமான், எல்லாம் போய்விட்டது, அது பெரிதாகவே தெரியவில்லை. அப்புறம் ஏவா ஒரு சின்னப் பேனாக்கத்தியை எடுத்து, யூதர் என்று காட்டக் கணவன் கோட்டில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தை அறுத்தெடுத்தார். நட்சத்திரம் இல்லாமல் யூதன் அகப்பட்டால் மரணம். நட்சத்திரத்தோடு இருந்தாலும் அதே மரணம்தான் வந்துகொண்டிருந்தது. எரிந்த ஊரில் ஆவணங்களும் எரிந்திருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் வீடிழந்த ஜெர்மன் தம்பதியாக நடக்க ஆரம்பித்தார்கள். பவேரியா வரை போனார்கள். 1945 ஜூன் 10 அன்று, டிரெஸ்டனில் பிடுங்கப்பட்ட தங்கள் சொந்த வீட்டுக்கே திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

மேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே நதி, ஒரு படகு, பாலத்தின்மேல் டிராம். "பேரு? பேரைக் கேட்டா மாட்டிக்குவாங்களே" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், காகிதத்தில்தான் கண்.

அதற்கும் பதில் உண்டு. வழியில் பெயரை மாற்றிக்கொண்டார்கள், கிளைன்பேட்டர் என்று. எப்படி என்று கேட்டார். குறிப்பு நோட்டை எடுத்து, பழைய பெயரை ஜெர்மன் எழுத்தில் கூட்டெழுத்தாக எழுதிக் காட்டினேன். நடுவில் வரும் 'எம்' எழுத்தின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் பிரித்தாற்போல விட்டு, முதல் கோட்டின் மேல் ஒரு புள்ளி. அது 'ஐ', 'என்' என்று இரண்டு எழுத்தாகிவிடுகிறது. அப்புறம் பின்னால் வரும் ஓர் 'ஆர்' எழுத்தின் குறுக்கே சின்னதாக ஒரு கோடு. அது 'டி' ஆகிவிடுகிறது. வேறு எதையும் அழிக்க வேண்டாம்.

அவர் நோட்டை வாங்கிப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் பேனாவையும் வாங்கி, கீழ்வரியில் அதே பழைய பெயரை மெதுவாகத் தானும் எழுதினார். விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. புள்ளியை வைத்தார். கோட்டை இழுத்தார்.

"சரியா இருக்கா பாரு" என்றார்.